கும்மிடிப்பூண்டிக்கு முகாம் எப்படி வந்தது?



சிப்காட் எங்கே இருக்குன்னு கேட்டா நம்ம பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட வழி சொல்லும். முகாம் எங்கேன்னு கேட்டாலும் சொல்லும். ஆனால் அந்த முகாம் ஏன் இங்கே வந்ததுன்னு கேட்டா, பெரியவங்களே "இலங்கையில சண்டை, அதான் வந்துட்டாங்க" என்று ஒரே வரியில் முடிச்சுடறாங்க. அந்த வரி தப்பில்லை, ஆனால் பாதிதான். குண்டுக்குப் பயந்து ஓடி வந்தது ஒரு கதை. ஓடி வந்து இத்தனை வருஷம் ஆகியும், இங்கேயே பிறந்த பிள்ளைகிட்டகூட "நீ எந்த நாடு?" என்று கேட்கிறாங்களே, அது இன்னொரு கதை. இந்த இரண்டாவது கதை 1948-லேயே ஆரம்பிச்சிடுச்சு. அதைத்தான் எழுதியிருக்கேன். கொஞ்சம் நீளம். இன்டர்வெல்லில் பாதி படிங்க, மீதியைச் சாப்பாட்டு மணிக்குப் பிறகு படிங்க.

ஆறு மாதத்துக்குள் நான்கு சுதந்திரம்

1947 ஆகஸ்ட் 14 பாகிஸ்தான். ஆகஸ்ட் 15 இந்தியா. 1948 ஜனவரி 4 பர்மா. 1948 பிப்ரவரி 4 இலங்கை (அப்போது பெயர் சிலோன்). ஆறு மாதம் முடியுறதுக்குள் நான்கு நாடுகள் வெள்ளைக்காரரிடமிருந்து விடுதலை வாங்கின. அதுக்கு முன்னாடி எல்லாமே ஒரே ராஜா ஆட்சி. செட்டிநாட்டுக்காரர் ரங்கூனில் கடை வைப்பார், திருச்சிக்காரர் கண்டி மலையில் கூலி வேலைக்குப் போவார். "வெளிநாடு போறேன்" என்று யாரும் சொன்னதா தெரியலை, "கண்டிச் சீமைக்குப் போறேன்" என்றுதான் சொல்வாங்களாம்.

சுதந்திரம் வந்ததும் நடுவில் கோடு விழுந்தது. இந்தியா பாகிஸ்தான் கோட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டாங்க, பல லட்சம் பேர் செத்தாங்க. அது நம்ம சமூக அறிவியல் புத்தகத்திலேயே இருக்கு. இலங்கையில் அப்படி எதுவும் நடக்கலை. பெரிய போராட்டம், தடியடி, துப்பாக்கிச் சூடு எதுவும் இல்லாமல், பேச்சுவார்த்தையிலேயே சுதந்திரம் கிடைச்ச நாடு அது. அந்த நாட்டில்தான் பிறகு 1983 முதல் 2009 வரை 26 வருஷம் போர் நடந்தது. இதைப் படிச்சப்போ எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது.

தேயிலைத் தோட்டத்து ஆட்கள்

என் வகுப்பில் முகாமிலிருந்து வரும் தோழி ஒருத்தி இருக்கா. பெயர் எழுத வேண்டாம்னு அவளே சொல்லிட்டா. அவ தன் அப்பாவோட அம்மாவை "அப்பாயி" என்று கூப்பிடுவா. நம்ம பக்கம் யாரும் அப்படிச் சொல்றதில்லை. தமிழ் அம்மாகிட்ட கேட்டேன். அது திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து வார்த்தையாம். "இலங்கைக்காரிக்கு எப்படி புதுக்கோட்டை வார்த்தை வந்தது?" என்று யோசிச்சா, மொத்த வரலாறும் அதுக்குள்ளே இருக்கு.

இலங்கையில் தமிழர் ஒரே மாதிரி இல்லை. யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு பக்கம் இருப்பவர்கள் பல நூறு வருஷமா அங்கேயே வாழ்பவர்கள். இன்னொரு பிரிவு மலையகத் தமிழர். 1820-களிலிருந்து வெள்ளைக்காரன் கண்டி மலையில் காப்பி பயிரிட ஆள் தேடினான். இங்கே பஞ்சம். கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் பிடித்தாங்க. படகில் மன்னார் போய் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தே போகணும். வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவங்க ஏராளம். 1869-க்குப் பிறகு காப்பிச் செடியில் இலை நோய் வந்து தோட்டங்கள் அழிஞ்சதும், அதே மலையில் தேயிலை வைத்தார்கள். தேயிலை என்றால் வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்கணும். அதனால் குடும்பத்தோடு அங்கேயே தங்கிட்டாங்க. தங்கிய வீட்டுக்கு லயன் என்று பெயர். ஒரே நீளக் கட்டடம், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை.

இலங்கைக்குச் சுதந்திரம் வரும்போது இவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். 1947 தேர்தலில் இவர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடம் ஜெயித்தது. அடுத்த வருஷமே, 1948-ல், இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் போட்டது. அதன்படி ஒருவர் இலங்கைக் குடிமகன் ஆகணும்னா அவருடைய அப்பா இலங்கையில் பிறந்தவர் என்று காட்டணும், இல்லாட்டி தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்டணும். காகிதத்தில் காட்டணும்!

எங்க வீட்டில் எங்க தாத்தாவுக்கே பிறப்புச் சான்றிதழ் கிடையாது. எப்போ பிறந்தீங்கன்னு கேட்டா "பெரிய வெள்ளம் வந்ததுக்கு அடுத்த வருஷம்" என்பார். கொள்ளுத்தாத்தா சான்றிதழ் வைத்திருப்பவங்க இந்தப் பள்ளியில் யாராவது இருந்தா கை தூக்குங்க. லயன் அறையில் இருந்த கூலி ஆள் எங்கே போவார்? இப்படி ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடில்லாதவர் ஆயிட்டாங்க. 1949-ல் ஓட்டும் போச்சு. நாடு சுதந்திரம் அடைஞ்சு இரண்டு வருஷம்கூட சரியா ஆகலை.

இங்கே நம்ம மாவட்டத்தைப் பற்றி ஒண்ணு சொல்லணும். நம்ம ஊருக்கும் எல்லைச் சண்டை உண்டு. 1953-ல் ஆந்திரா பிரிஞ்சப்போ திருத்தணி அவங்க பக்கம் போயிட்டது. ம.பொ.சி. போராட்டம் நடத்தினார். கடைசியில் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, அதுக்குப் பதிலா சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குப் போனது. சத்தியவேட்டில் தமிழ் பேசறவங்க இன்றைக்கும் இருக்காங்க. நம்ம ஆரம்பாக்கம் பக்கம் தெலுங்கு பேசறவங்க இருக்காங்க, நம்ம வகுப்பிலேயே வீட்டில் தெலுங்கு பேசற பிள்ளைகள் பாதிக்குப் பாதி. கோடு மாறினப்போ யாருக்காவது ஓட்டு போச்சா? இல்லை. தடாவில் அத்தை வீட்டுக்குப் போக யாரிடமாவது அனுமதி கேட்கிறோமா? கிடையாது. ஏன்னா அது ஒரே நாட்டுக்குள் விழுந்த கோடு. கடலில் விழுந்தது இரண்டு நாட்டுக் கோடு. இத்தனைக்கும் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். நம்ம ஸ்டேஷனிலிருந்து சென்ட்ரல் போகும் தூரத்தைவிடக் கம்மி.

ஆள் பங்கு பிரித்த ஒப்பந்தம்

"இவங்க உங்க ஆட்கள், கூட்டிட்டுப் போங்க" என்றது இலங்கை. "அங்கேயே பிறந்து வளர்ந்தவங்க, உங்க ஆட்கள்தான்" என்றார் நேரு. 1954-ல் நேருவும் கொத்தலாவலையும் பேசினாங்க, தீரலை. நேரு இறந்த பிறகு 1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டாங்க. அதிலுள்ள கணக்கு இது: மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம். 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி 75,000 என்று பிரிச்சாங்க.

ஆடு மாடு பங்கு பிரிக்கும்போதுகூட எந்த ஆடு யாரிடம் பழகியிருக்குன்னு பார்ப்பாங்க. இங்கே ஒப்பந்தம் போடுறதுக்கு முன்னாடி அந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் யாரையும் கூப்பிட்டு "உனக்கு எங்கே இருக்க ஆசை?" என்று கேட்கலை.

வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்தாங்க. ஒப்பந்தம் முடிஞ்சு இரண்டு மாதம் ஆகுறதுக்குள், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிஞ்சு போனதால், பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. மண்டபத்தில் பெரிய முகாம். இந்த மண்டபம் முகாமைப் பற்றித் தெரிஞ்சதும் நான் சார்கிட்ட இரண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில், கூலிகளை இலங்கைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நோய் இருக்கான்னு பார்த்து, சில நாள் அடைச்சு வைக்கக் கட்டின இடமாம் அது. போகும்போது கொள்ளுத்தாத்தாவை வைத்திருந்த அதே முகாமில், திரும்பி வரும்போது பேரப்பிள்ளையை வைத்திருக்காங்க.

அப்படி ஒப்பந்தப்படி வந்தவங்க இந்தியக் குடிமக்கள். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி பக்கம் தேயிலை வேலை கொடுத்தாங்க. அதுக்காகவே 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தது. அதுதான் இன்றைய டான்டீ. ஆனால் எல்லோரும் வந்து முடியுறதுக்குள் போர் வந்துவிட்டது, 1980-களின் நடுவில் கப்பல் நின்றுபோச்சு.

(இதே காலத்தில் பர்மாவிலும் கோடு விழுந்தது. 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கியதும், அங்கிருந்த தமிழர்கள் வெறுங்கையோடு வந்தாங்க. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் பார்த்திருப்பீங்களே, அது அவங்களுக்காக வந்ததுதான்.)

போர்

1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று இலங்கையில் சட்டம் வந்தது. தமிழர்கள் அறவழியில் எதிர்த்தாங்க. 1958-ல் கலவரம், 1977-ல் கலவரம். 1981-ல் யாழ்ப்பாணம் நூலகத்தை எரித்தாங்க, சுமார் 97,000 புத்தகம் சாம்பல். 1983 ஜூலையில் விடுதலைப் புலிகள் 13 ராணுவத்தினரைக் கொன்றதும், கொழும்பில் தொடங்கி நாடு முழுக்கத் தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்துப் பலரைக் கொன்றாங்க. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டுக்குப் படகு படகாக ஆட்கள் வந்தாங்க.

தோழியின் அப்பாயி பிறந்தது தேயிலைத் தோட்டத்தில். 1977 கலவரத்தில் லயனை எரித்ததால், மலையை விட்டு இறங்கி வவுனியாவுக்கு வந்து, காடு வெட்டி விவசாயம் பார்த்தாங்களாம். தமிழர் பகுதியில் இருந்தால் பாதுகாப்பு என்று நினைச்சாங்க. போர் அங்கேதான் வந்தது.

இந்தியா என்ன செய்தது என்பது குழப்பமான பகுதி. நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி எழுதறேன். 1983-க்குப் பிறகு இந்தியா தமிழ்ப் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 1987 ஜூனில் யாழ்ப்பாணத்தை ராணுவம் சுற்றி வளைத்தப்போ, இந்தியா உணவுப் பொருள் ஏற்றிப் படகுகள் அனுப்பியது, இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஜூன் 4-ஆம் தேதி இந்திய விமானங்கள் வானத்திலிருந்து உணவுப் பொட்டலம் போட்டன. பக்கத்து நாட்டு வானத்தில் அனுமதி இல்லாமல் நுழைவது சின்ன விஷயம் இல்லை. இரண்டு நாடும் மோதிக்கொள்ளுமோ என்று இருந்த நிலையில், ஜூலை 29-ஆம் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டாங்க. மறுநாளே அணிவகுப்பில் நின்ற ஒரு சிங்களக் கடற்படை வீரர் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார். அமைதி காக்க என்று போன இந்தியப் படை, அக்டோபரில் புலிகளோடு சண்டை போட ஆரம்பித்தது. பயிற்சி கொடுத்தவங்களும் வாங்கினவங்களும் எதிரெதிராக நின்னாங்க. நம்ம வீரர்கள் 1,100-க்கும் மேல் இறந்தாங்க. நடுவில் மாட்டிய யாழ்ப்பாணத்து மக்களும் ஏராளமாக இறந்தாங்க. 1990 மார்ச்சில் படை திரும்பி வந்தது.

ஜூனில் மறுபடியும் போர். அந்த வருஷம்தான் அப்பாயி, இரண்டு வயசுப் பையனை (அதாவது என் தோழியின் அப்பாவை) இடுப்பில் வைத்துக்கொண்டு படகு ஏறினாங்க. காதிலிருந்த தோடு படகுக் கூலிக்குப் போச்சு. ராத்திரியில் கடல் நடுவே ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டு, "அதோ இந்தியா" என்று கையைக் காட்டிட்டுப் படகுக்காரர் போயிட்டாராம். மறுநாள் மீனவர்கள் பார்த்துக் கரை சேர்த்தாங்க. அப்புறம் மண்டபம், அங்கிருந்து இங்கே. நம்ம கும்மிடிப்பூண்டி முகாம் தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. புழலிலும் ஒன்று இருக்கு.

அந்தப் போரில் ஒரு பக்கம் மட்டும் தப்பு செய்ததுன்னு எழுத எனக்கு மனசு வரலை. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினாங்க. அவங்களும் தமிழ் பேசறவங்கதான், அவங்களும் அகதி ஆனாங்க. 1991 மே 21 ராத்திரி, நம்ம பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில், ராஜீவ் காந்தியை மனித வெடிகுண்டால் கொன்றாங்க. அதற்குப் பிறகு, அதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத முகாம் மக்கள் மேலேயும் சந்தேகமும் கட்டுப்பாடும் கூடிப்போச்சு. 2009 மேயில் போர் முடிஞ்சது. கடைசிச் சில மாதத்தில் மட்டும் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. அமைத்த குழு 2011-ல் சொன்னது.

இப்போ என்ன?

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். அவற்றில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. புது வீடுகள் கட்டித் தருவதாகவும் அறிவித்தது. மாத உதவியைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், மற்ற பெரியவருக்கு 1,000, பிள்ளைக்கு 500 ஆகவும் உயர்த்தியது. ரேஷன் உண்டு, நம்ம கூடவே படிப்பும் உண்டு. ஓட்டு கிடையாது, இந்திய பாஸ்போர்ட் கிடையாது. "செக்கிங்" என்று சொல்கிற நாளில் எல்லோரும் முகாமில் இருந்து கையெழுத்துப் போடணும். அதனால்தான் சில நாள் தோழியின் அப்பா பெயிண்டிங் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பார். வேலை பெரும்பாலும் வெளியூரில்.

போன மாதம் வகுப்பில் ஒரு விண்ணப்பம் கொடுத்தாங்க. "நாட்டினம்" என்ற கட்டத்தில் நாங்க எல்லோரும் ஒரே நொடியில் இந்தியர் என்று எழுதிட்டோம். அவ பேனாவை மூடி வைச்சுட்டு, டீச்சர்கிட்ட போய் மெதுவா ஏதோ கேட்டா. டீச்சரும் "அதை அப்படியே விடும்மா, நான் கேட்டுச் சொல்றேன்" என்றாங்க.

டீச்சர் ஏன் உடனே பதில் சொல்ல முடியலை என்றால், சட்டம் தேதி தேதியாக இருக்கு. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர் யார் பிள்ளையாக இருந்தாலும் (தூதரக அதிகாரி பிள்ளை போன்ற சிலரைத் தவிர) இந்தியர். அதற்குப் பிறகு பிறந்தால் அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு அதுவும் போதாது, இன்னொருவர் "சட்டவிரோதமாக வந்தவர்" ஆக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் மணல்திட்டில் இறங்கினவர் இந்தச் சட்டப்படி சட்டவிரோதமாக வந்தவர்தான், அப்போ அவருக்கு இரண்டு வயசு என்றாலும்! அப்பா அப்படி, அம்மா முகாமிலேயே பிறந்தும் இந்தியர் ஆகாதவர். அவ பிறந்தது 2011-ல், திருவள்ளூர் மாவட்டத்தில். இலங்கையை ஒரு நாளும் பார்த்ததில்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாட்டிலிருந்து வந்தவங்களுக்குத்தான் வழி. இலங்கை அதில் இல்லை.

இலங்கையில் தங்கிவிட்ட மலையகத் தமிழருக்கு 2003-ல் ஒரு சட்டம் மூலம் குடியுரிமை கொடுத்துட்டாங்க. 2009-ல் அதை இங்கே வந்தவங்களுக்கும் நீட்டினாங்க. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்து இலங்கைக் குடிமக்கள் ஆனவங்களும், அங்கே திரும்பிப் போனவங்களும் உண்டு. அப்பாயி போக மாட்டேன்னு சொல்றாங்க. "எங்க தாத்தாவை இங்கேயிருந்துதானே கூட்டிட்டுப் போனாங்க, நான் வந்தது திரும்பி வந்ததுதானே?" என்பது அவங்க கேள்வி. இதே மாதிரிக் கேள்வியோடு மலையகத் தமிழர் சிலர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனாங்க. 2019 ஜூனில் நீதிபதி, இவர்களை மற்றவர்களைப் போலச் சட்டவிரோதமாக வந்தவர்கள் என்று பார்க்க முடியாது, விண்ணப்பத்தை அரசு பரிசீலிக்கணும் என்று சொன்னார். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண் 1986-ல் மண்டபத்தில் பிறந்தவர். 1987-க்கு முன்னால் என்பதால் 2022-ல் நீதிமன்றம் அவருக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். இரண்டு வருஷம் தள்ளிப் பிறந்திருந்தா முடியாது.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர் மேல், பாஸ்போர்ட் இல்லை என்பதற்காக வழக்குத் தண்டனை கிடையாது. பயம் இல்லாமல் இருக்கலாம் என்பது அதன் அர்த்தம். குடியுரிமை அதில் வராது.

லயன் வீடு எப்படி இருக்கும் என்று அப்பாயி சொல்லச் சொல்ல, தோழி வரைந்த படம் பக்கத்துத் தாளில் ஒட்டியிருக்கு. மண்டபம், தலைமன்னார், வவுனியா, கண்டி எல்லாம் எங்கே என்று காட்டும் வரைபடம் அதுக்குக் கீழே. கடலுக்கு நீலக் கலர் பத்தலை, பாதி பச்சையா இருக்கும்.

- 9-ஆம் வகுப்பு மாணவி